பாதசாரியும் நட்டஈடும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழ் இலக்கியம் அறிந்த பழைய வீதி விபத்து ஒரு கன்றின் சாவாகும். சோழ இளவரசனின் தேர்ச்சில்லில் அகப்பட்டுக் கன்று இறந்ததையும், தாய்ப்பசு மணியை அசைத்து நீதி கேட்டதையும், மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதையும் சிலப்பதிகார வழக்குரை காதையிற் கண்ணகி எடுத்துக் கூறுகிறாள். பெரியபுராணம் அதனை விரித்துரைக்கிறது. இதே கதையை மகாவம்சம் எல்லாள மன்னன் மேல் ஏற்றிச் சொல்கிறது. ஆயின் மகாவம்சத்தின் அதே அதிகாரத்தில் இன்னொரு விபத்தும் இடம்பெற்றுள்ளமை அதிகம் கவனிக்கப்படுவதில்லை. எல்லாளனின் தேர்நுகம் மோதிப் பௌத்த தூபியொன்றின் கற்கள் பெயர்ந்து விழுகின்றன. தேரினின்றும் கீழே குதித்த மன்னன் தன் தலையையும் சில்லினாற் துண்டிக்குமாறு கேட்கிறான். தூபியைத் திருத்துவதே தக்க வழியென்று அமைச்சர்கள் எடுத்துரைக்கவே, பெயர்ந்த 15 கற்களுக்காக 15,000 கஹாபணங்களைச் செலவிட்டு அதனைச் செப்பனிடுகிறான்.

இவ்விரு கதைகளும் நீதி பற்றிய இருவேறு கருத்துக்களை உணர்த்துகின்றன. முதலாவதில் தவறிழைத்தவன் தண்டிக்கப்படுகிறான். கன்றை இழந்த பசுவுக்கு எதுவும் கிடைப்பதில்லை. இரண்டாவதில் சேதம் விளைத்தவன் அதனை ஈடுசெய்கிறான். தண்டனை வேறு, ஈடு வேறு என்னும் இவ்வேறுபாடு இன்றும் முக்கியமானது. வீதியில் நடந்து சென்ற ஒருவரின் கால் முறிகிறது. சாரதி நீதவான் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்துகிறார். தண்டப்பணம் அரசுக்குச் சேர்கிறது. முறிந்த கால் பாதசாரியிடம் எஞ்சுகிறது. வழக்கு முடிந்துவிட்டதென்று ஊரும் நினைக்கிறது, காயமுற்றவரும் நினைக்கிறார். உண்மையில் அவருக்குரிய வழக்கு இன்னும் தொடங்கவேயில்லை. இந்த மயக்கம் எவ்வாறு உருவாகிறது, அதனால் நன்மையடைவோர் யாவர் என்பதை அம்பாறைக் கரையோரத்தின் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீதியும் ஊரும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாகப் பொத்துவிலை அடைந்து அங்கிருந்து வடக்கே மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலை அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஆகிய ஊர்களை ஊடறுத்துச் செல்கிறது. கிழக்கே கடல், மேற்கே வயல்; இரண்டுக்குமிடையே ஒடுங்கிய மணற்பரப்பில் மக்கள் நெருக்கமாக வாழ்கின்றனர். ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் இடத்தைப் புதியவர் அறிதல் அரிது. வீடு ஒருபுறமிருக்க, பாடசாலையோ பள்ளிவாசலோ சந்தையோ மறுபுறம் இருக்கும். கரைவலை இழுப்போர் விடியலிற் கடலை நோக்கியும், வயற்கூலிகள் எதிர்த்திசையிலும் வீதியைக் கடக்கின்றனர். இம்மக்களுக்கு வீதியைக் கடத்தல் அன்றாட வாழ்வின் நிபந்தனையாகும்.

ஆயின் நெடுஞ்சாலையின் தருக்கம் வேறானது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பண்டங்களையும் பயணிகளையும் விரைவாகக் கொண்டு சேர்ப்பதே அதன் குறிக்கோள். அத்தருக்கத்திற்கு ஊர் ஒரு தடை. நடந்து செல்பவர் தடையினுள்ளும் ஒரு தடை. 1896 ஓகஸ்ட் 17இல் இலண்டனிற் பிரிட்ஜெற் டிறிஸ்கோல் என்னும் 44 வயதுப் பெண் மோட்டார் வண்டியொன்றில் மோதுண்டு இறந்தபோது, விசாரணையில் அது தற்செயல் மரணமெனத் தீர்மானிக்கப்பட்டது. 'விபத்து' என்ற சொல்லினுள் இத்தற்செயற் கோட்பாடு அன்றே புகுந்துகொண்டது. 1920களில் அமெரிக்க நகரங்களிலே, வீதியைக் குறுக்கே கடப்பவரை நாகரிகமற்றவராகக் காட்டும் பிரசாரத்தில் மோட்டார்த் தொழிற்றுறை ஈடுபட்டது. அதுவரை அனைவருக்கும் பொதுவாயிருந்த வீதி வாகனத்துக்குரியதாயிற்று. அங்கே நடப்பவர் அத்துமீறியவரானார்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துக்களில் இறப்பதாகவும், அவ்விறப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்வதாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. வாகனங்களில் கணிசமான பகுதி செல்வந்த நாடுகளில் ஓடுகின்றது. சாவின் பெரும்பகுதி ஏழை நாடுகளில் நிகழ்கின்றது. தற்செயல் என்பதனால் இதனை விளக்கவியலாது. தொழிலாளரை அகால மரணத்துக்குள்ளாக்கும் சூழலைத் தெரிந்தும் மாற்றாதிருக்கும் சமுதாயத்தைப் பற்றி எங்கெல்ஸ் 1845இல் எழுதியபோது அதனைச் சமூகக் கொலை என்றழைத்தமை இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

சட்டத்தின் வேர்

இலங்கை முஸ்லிம்களின் திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை ஆகியவற்றுக்குத் தனிச்சட்டங்கள் உண்டு. ஆனால் வீதியிற் காயமுற்றவர் கல்முனை முஸ்லிமாயினும் காரைதீவுத் தமிழராயினும் அம்பாறைச் சிங்களவராயினும் அவருக்குரிய சட்டம் ஒன்றே. அது ஒல்லாந்தர் கொணர்ந்து ஆங்கிலேயர் நிலைநிறுத்திய உரோமன் டச்சுச் சட்டமாகும். அதன் ஆணிவேர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு உரோமாபுரியின் அக்குவிலியச் சட்டம். அச்சட்டத்தின் முதற்பகுதி பிறருடைய அடிமையையோ கால்நடையையோ தகாவழியிற் கொன்றவன் உடைமையாளனுக்குச் செலுத்தவேண்டிய தொகையைப் பற்றியது. அடிமையும் மாடும் ஒரே வாக்கியத்தில் இடம்பெற்றமை அச்சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளை வெளிப்படையாகக் காட்டுகிறது. சுதந்திர மனிதனின் உடலுக்கு மதிப்பீடு இல்லையென்று உரோமச் சட்ட அறிஞர் கூறினர். அதனால் அவனுக்குக் கிடைக்கத்தக்கவை மருத்துவச் செலவும் இழந்த வருமானமுமே, தழும்புக்கு ஈடில்லை. வலிக்கும் வேதனைக்குமான ஈடு பிற்காலத்தில் ஜேர்மானிய வழக்காறுகளிலிருந்து வந்து சேர்ந்தது.

இச்சட்டத்தின்கீழ் நட்டஈடு கோருபவர் மூன்றை நிறுவுதல் வேண்டும்: சாரதியின் கவலையீனம், அதனால் நேர்ந்த காயம், காயத்தால் ஏற்பட்ட இழப்பு. பாதசாரியும் ஓரளவு கவலையீனமாக நடந்தாரெனக் கண்டால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவர் பங்குக்கேற்ப நட்டஈடு குறைக்கப்படும். கோரிக்கை முற்றாக அற்றுப்போகாது. நடைமுறையில் இது பெரிதும் பயனுள்ள விதியாகும். 'நீ பார்த்துக் கடந்திருக்க வேண்டும்' என்று சொல்லப்பட்டதுமே தமக்கு உரிமையில்லையென ஒதுங்கிவிடுவோர் பலர். பார்த்துக் கடவாதவருக்கும் சட்டத்தில் இடமுண்டு என்பதை அழுத்திக் கூறுதல் அவசியம்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியின்றி எவ்வாகனமும் வீதியிற் செல்லலாகாது என்கிறது. முச்சக்கர வண்டிச் சாரதி ஏழை, அவரிடம் என்ன கேட்பது என்று இரங்குவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் தொகையைச் செலுத்தும் கடப்பாடு அவ்வண்டியைக் காப்புறுதி செய்த நிறுவனத்தைச் சாரும். ஏழைச் சாரதிக்கு இரங்கிக் காயமுற்றவர் கைவிடும் தொகை அச்சாரதியின் சட்டைப்பையில் எஞ்சுவதில்லை. அது நிறுவனத்தின் இலாபக் கணக்கில் எஞ்சுகிறது. இரு ஏழைகளுக்கிடையிலான தகராறு போலத் தோற்றுவது உண்மையில் ஓர் ஏழைக்கும் மூலதனத்துக்குமிடையிலான கணக்காகும்.

உரிமையை நிறைவேற்றும் வழி

உரிமை ஏட்டில் இருத்தல் வேறு, கைக்கு வருதல் வேறு. ஆகவே நடைமுறையைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலாவது, பொலிஸ் முறைப்பாடு. காயமுற்றவரோ உறவினரோ கூறும் வாக்குமூலமே பின்னர் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வாகன இலக்கம், காப்புறுதி நிறுவனத்தின் பெயர், மோதல் நிகழ்ந்த இடம், கண்டவர்களின் பெயர்கள் ஆகியன அதில் இடம்பெறல் வேண்டும். வாக்குமூலம் தமக்கு விளங்கும் மொழியில் எழுதப்பட்டு வாசித்துக் காட்டப்பட்ட பின்பே ஒப்பமிடுதல் தகும். தமிழ் மொழியுரிமை குறித்து மேடைகளில் எவ்வளவோ பேசப்படுகிறது. அவ்வுரிமை சோதிக்கப்படும் களங்களில் ஒன்று பொலிஸ் நிலையத்தின் முறைப்பாட்டுப் புத்தகம்.

இரண்டாவது, மருத்துவச் சான்று. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. எங்கு அனுமதிக்கப்பட்டாலும் சட்ட மருத்துவப் பரிசோதனை நடைபெற்றதா என்று விசாரித்தறிதல் வேண்டும். முறிவுக்கு நாட்டு வைத்தியரிடம் செல்லும் வழக்கம் இப்பகுதியில் உண்டு. அதன் பயனைப் பற்றி நாம் விவாதிக்கவில்லை. ஆனால் வைத்தியசாலை ஏட்டிற் பதியாத காயம் நீதிமன்றத்தின் கண்ணுக்குக் காயமன்று. மருந்துப் பற்றுச்சீட்டு, வாடகை வாகனத்துக்குக் கொடுத்த பணத்தின் குறிப்பு, வைத்தியசாலை அட்டை ஆகிய அனைத்தும் பேணப்படல் வேண்டும்.

மூன்றாவது, காலம். காலாவதி பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கப்படல் வேண்டும். நீதவான் நீதிமன்றத்திற் குற்றவழக்கு முடியட்டும் என்று காத்திருப்பதாலோ, காப்புறுதி நிறுவனத்துடன் பேச்சு நடக்கின்றதென்று நம்பியிருப்பதாலோ இக்காலம் நீளாது. வழக்குத் தொடங்குமுன் அல்லது தொடங்கிய ஏழு நாட்களுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அவ்வழக்கைப் பற்றி அறிவித்தல் கொடுக்கப்படல் வேண்டுமென்பதும் முக்கியமானது. அது தவறின் தீர்ப்பு வென்றாலும் நிறுவனம் கைவிரித்துவிடலாம்.

நான்காவது, ஒப்பம். 'முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு' என்று எழுதப்பட்ட பத்திரத்தில் ஒப்பமிடுபவர் தம் வழக்கை விற்றுவிடுகிறார். கையிற் பணமில்லாத முதல் மாதத்திலேயே இப்பத்திரம் நீட்டப்படுவது தற்செயலன்று. பசியுள்ளவரின் காலமும் நிறுவனத்தின் காலமும் ஒன்றல்ல. காத்திருக்க வல்லவரே பேரத்தில் வெல்கிறார்.

இவற்றோடு மேலும் சில வழிகளும் உண்டு. குற்றவாளியாகக் காணப்பட்ட சாரதி பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் நீதவானுக்கு அதிகாரமளிக்கிறது. அதனைக் கேட்பதற்கு ஒருவர் மன்றில் இருத்தல் வேண்டும். மோதிவிட்டு மறைந்த வாகனம் அடையாளங் காணப்படாதவிடத்து வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபைக்கு விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குக் கட்டணஞ் செலுத்த இயலாதவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இயங்குகிறது.

உழைப்பின் விலை

இனி மிக அடிப்படையான சிக்கலுக்கு வருவோம். இழப்பு எவ்வாறு அளக்கப்படுகிறது? காயமுற்றவரின் மாத வருமானம், அவர் இனி உழைக்கக்கூடிய ஆண்டுகள், உழைக்கும் ஆற்றல் குறைந்த விகிதம் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் கணக்கிடப்படுகிறது. ஆகவே ஒரே சில்லில் அகப்பட்ட இரு கால்கள் சமமானவையல்ல. வங்கி அதிகாரியின் காலுக்கு ஒரு விலை, மீன் கூடை சுமப்பவரின் காலுக்கு வேறொரு விலை. நவீன சட்டத்தின் வடிவம் பண்டப் பரிமாற்றத்தின் வடிவத்தை ஒத்தது என்று சோவியத் அறிஞர் பசுக்கானிஸ் 1924இல் நிறுவ முயன்றார். நட்டஈட்டுக் கணக்கைப் போல அக்கருத்தைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறில்லை. சந்தையில் உழைப்புச் சக்திக்கு என்ன விலையோ அதுவே நீதிமன்றத்தில் உடலின் விலையாகிறது.

அவ்விலையையும் எண்பித்தல் வேண்டும். மாதச் சம்பளப் பட்டியல் உடையவருக்கு அது எளிது. கரைவலையிற் பங்குக்கு உழைப்பவருக்கும், அறுவடைக் காலத்தில் மட்டும் கூலி பெறுபவருக்கும், மருதமுனையில் துண்டுக் கணக்கிற் கைத்தறி நெய்பவருக்கும் சம்பளப் பட்டியல் ஏது? கூலியை எழுத்தின்றிக் கொடுப்பது முதலாளிக்கு வசதியான முறை. எழுத்தில்லாத அக்கூலி விபத்துக்குப் பின்னர் மீண்டும் ஒருமுறை அத்தொழிலாளியைச் சுரண்டுகிறது. மீனவர் சங்கத்தின் பதிவு, நெசவு முதலாளியின் கணக்கேடு, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், உடன் உழைப்போரின் சாட்சியம் ஆகியவற்றால் இக்குறையை ஓரளவு நிரப்பலாம். ஆகவே தொழிற்சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் உறுப்பினரின் உழைப்பை ஒழுங்காகப் பதிந்து வைப்பது வெறும் அலுவலக வேலையன்று.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. இப்பகுதியின் தாய்வழிக் குடிமுறையில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் சேர்கிறது. மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்கிறான். வீட்டின் உரிமையாளராகிய அப்பெண் வீதியிற் காயமுற்றால், அவ்வீட்டினுள் அவள் செய்த வேலை வருமானப் பட்டியலில் இடம்பெறாததால் இழப்பு எதுவுமில்லையென்று வாதிடலாம். சமைத்தல், பிள்ளை பராமரித்தல், முதியோரைப் பேணல் ஆகியன நின்றுபோனதும் அவற்றுக்காக வேறொருவரை அமர்த்தவேண்டியிருக்கும் என்ற எளிய உண்மையே அவ்வாதத்துக்கு மறுமொழி. தீவிபத்தொன்று தொடர்பான இலதா வாத்வா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2001இல் இல்லத்தரசியரின் சேவையை மாதம் 3,000 ரூபாவாக மதிப்பிட்டது. தொகை அற்பமே, ஆயினும் ஊதியமற்ற உழைப்பும் உழைப்பே என்னும் தத்துவம் அங்கு ஏற்கப்பட்டது.

ஊர்த் தீர்வும் தியத்தும்

கல்முனைப் பகுதியில் மோதியவரும் மோதுண்டவரும் பெரும்பாலும் அயலவராகவோ உறவினராகவோ இருப்பர். எனவே விடயம் நீதிமன்றத்துக்குப் போகுமுன் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் முன்னிலையிற் பேசித் தீர்க்கப்படுவது இயல்பு. ஊர் ஒற்றுமையைக் காப்பதாலும் விரைவாக முடிவதாலும் அம்முறையை நாம் இகழவில்லை. ஆனால் அங்கே காப்புறுதி நிறுவனம் அமர்ந்திருப்பதில்லை. சாரதியின் கைப்பணத்திற் சிறு தொகை கைமாறுகிறது. பெருந்தொகைக்குக் கடமைப்பட்ட நிறுவனம் தப்பிவிடுகிறது.

'இது அல்லாஹ்வின் நாட்டம். பொறுமை செய்' என்ற ஆறுதல் மொழியும் அங்கே கேட்கும். துயருற்றவரின் நம்பிக்கையை நாம் இங்கு விவாதத்துக்கு எடுக்கவில்லை. எனினும் இஸ்லாமியச் சட்ட மரபு விதியையும் ஈட்டையும் முரண்பட்டவையாகக் கருதவில்லை என்பது வரலாறு. தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் தியத் என்னும் ஈட்டைக் குர்ஆன் விதித்தது. உறவினர் அதனைத் தர்மமாக விட்டுக்கொடுக்கவும் இடமளித்தது. விட்டுக்கொடுத்தல் உரிமையுள்ளவரின் செயல். உரிமையை அறியாதவர் விட்டுக்கொடுப்பதாகக் கூறமுடியாது. முழுத் தியத் 100 ஒட்டகங்கள் என மதிப்பிடப்பட்டது. தவறிழைத்தவன் மட்டுமன்றி 'ஆக்கிலா' எனப்பட்ட அவன் குலத்தவரே அதனைப் பகிர்ந்து செலுத்தினர். பாலைவனக் குலச் சமுதாயத்தில் இழப்பைக் கூட்டாகச் சுமக்கும் ஏற்பாடு அது. அம்மரபின் அறிஞர் பெரும்பாலோர் பெண்ணின் தியத்தை ஆணுடையதிற் பாதியாகக் கொண்டமை அக்காலச் சமுதாய உறவுகளின் முத்திரை. அதனை இன்று சுமக்கத் தேவையில்லை. ஆனால் ஒருவரின் தவறால் விளைந்த இழப்பைப் பலர் பகிர்தல் என்னும் கருத்து இன்றைய காப்புறுதியின் அடிப்படையும் ஆகும். வேறுபாடு என்னவெனில், குலம் இலாபம் தேடவில்லை.

தவறை எண்பிக்காத ஈடு

தவறு யாருடையதென எண்பித்தாலன்றி ஈடில்லை என்னும் விதி மாற்றவியலாததன்று. இலங்கையிலேயே 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது நேரும் விபத்துக்கு, முதலாளியின் தவறை எண்பிக்கும்படி கேளாமலே ஈடு வழங்குகிறது. 2022இல் வேலைக்குச் செல்லும் வழியும் திரும்பும் வழியும் அதனுள் அடக்கப்பட்டன. முதலாளி என ஒருவரைச் சுட்ட இயலாத வலைஞருக்கும் கூலிக்கும் இல்லத்தரசிக்கும் பாடசாலைப் பிள்ளைக்கும் அப்பாதுகாப்பு இல்லை.

நியூசிலாந்து 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக, 1974 முதல், விபத்துக் காயங்களுக்குத் தவறைக் கேளாத பொது நட்டஈட்டு முறையை ஏற்படுத்தியது. பிரான்சின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் பாதசாரியின் சாதாரணக் கவலையீனத்தைக் காட்டி அவருடைய காயத்துக்கான ஈட்டைக் குறைக்கவியலாதவாறு செய்தது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் விபத்துக்களுக்கெனத் தனி நடுவர் மன்றங்களுக்கு வழிசெய்தது. 1982இல் தவறை எண்பிக்காமலே குறித்த தொகையைப் பெறும் உரிமை அங்கு முதன்முதலாகப் புகுத்தப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகைய தொகையை இறப்புக்கு 5 இலட்சம், கடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சம் இந்திய ரூபாவாக வகுத்தது. இவை முதலாளித்துவ நாடுகளே. ஆகவே இச்சீர்திருத்தத்துக்குப் புரட்சி வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. சீர்திருத்தத்தோடு யாவும் முடிந்துவிடுவதுமில்லை.

கிழக்கு மக்களுக்கு 'நட்டஈடு' புதிய சொல்லன்று. யுத்தமும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளும் அச்சொல்லை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுவந்தன. ஆனால் அவ்வேளைகளில் மக்கள் அறிந்த நட்டஈடு பெரும்பாலும் வரிசையில் நின்று படிவம் நிரப்பி, தருவோரின் மனமறிந்து பெற்ற நிவாரணமாகும். அதனால் ஈட்டை உரிமையாக அன்றிக் கருணையாகக் கருதும் மனப்பாங்கு வேரூன்றியது. கருணை மறுக்கப்பட்டால் மனிதர் தலைகுனிந்து திரும்புவர்; உரிமை மறுக்கப்பட்டால் வழக்குரைப்பர். இக்கரையோரக் கண்ணகி கோயில்களிற் படிக்கப்படும் கண்ணகி வழக்குரையைத் தமிழ்ப் பண்பாட்டின் பெருமையாக ஆய்வரங்குகளில் எடுத்துக்காட்டும் நாம், வழக்குரைத்தல் என்னும் அச்செயலை நம் காலத்து நடைமுறையாக ஊர்தோறும் கற்பிக்கவில்லை. சனசமூக நிலையமும் பள்ளிவாசலும் மீனவர் சங்கமும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமும் மேற்கூறிய நான்கு படிகளையும் ஒரு தாளில் அச்சிட்டு வீடுகளுக்குக் கொடுக்கலாம். அதிலே பெரிய எழுத்தில் இடம்பெற வேண்டியது இதுதான்: காயமுற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்.